அடித்து எழுதிய கணக்கு

"இந்தக் கண்ணாடியைப் பாதியா வெட்டி, அந்தப் பாதியை இன்னும் பாதியா வெட்டி, அப்படியே வெட்டிக்கிட்டே போனா கடைசியில என்னப்பா மிச்சம் இருக்கும்?"

சில்லு இதைக் கேட்டபோது அவளுக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. 'மிச்சம்' என்ற சொல் காற்றாகத்தான் வந்தது. அப்பாவின் கண்ணாடிக் கடையில், உடைந்த துண்டுகள் காலில் படாமலிருக்க உயரமான ஸ்டூலின் மேல் ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள் அவளை. கடையில் பிறந்து வளர்ந்த மாதிரி எப்போதும் அங்கேயே கிடந்ததால் வந்த பெயர்தான் சில்லு.

கண்ணாடிக்காரர் வெட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடைசியில விரல்ல ஒரு கட்டுதான் மிச்சம் இருக்கும். தள்ளி உட்காரு."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அம்மா மட்டும், பாத்திரத்தின் மூடியைத் திறந்தபடியே, "மிச்சம் இருந்துக்கிட்டேதான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்.

அது ஒருத்தியின் காதில் மட்டும் விழுந்தது. அத்தையின் காதில். ஆனால் அத்தைக்கு அது அன்று ஒரு பேச்சாகவே படவில்லை.

அத்தை என்பவள் கண்ணாடிக்காரரின் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல், ஒரு பெட்டியும் வீங்கிய கண்களுமாக அண்ணன் வீட்டுக்கு வந்தவள். பிறகு பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் டோக்கன் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். பிள்ளைகளுக்கெல்லாம் அவள் 'டோக்கன் அத்தை'. வாய் கொஞ்சம் நீளம். மாலையில் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போவதை மட்டும் காய்ச்சல் வந்தாலும் விடமாட்டாள். அங்கே போய் வாயைக் கழுவிக்கொண்டு வருகிறாள் என்று கண்ணாடிக்காரர் கேலி செய்வார்.

அந்த முன்பல் விழுந்த சில்லுதான் இப்போது மேல்வகுப்புக்கு வந்து நிற்கிறாள். கணக்கில் வாங்கியது 'சி' கிரேடு. கேட்டது உயர்கணிதம். "சி வாங்கினவளுக்கு உயர்கணிதமா? சாதாரணக் கணக்கு எடுத்துக்கம்மா, நிம்மதியா இருப்பே" என்று தலைமையாசிரியை கைவிரித்ததும், கணக்கு டீச்சர் குறுக்கே புகுந்து, "முதல் தேர்வு வரைக்கும் உட்காரட்டும், நான் பொறுப்பு" என்று சொன்னதும் போன வாரம் நடந்தது.

அந்த முதல் தேர்வு இன்றைக்கு.

சில்லுவுக்குக் கட்டடப் பொறியியல் படிக்க வேண்டும். உயர்கணிதம் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. இன்றைக்கு எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவளுக்குக் கணக்கு வராமல் 'சி' வரவில்லை. வந்த கணக்கைச் சரிபார்த்துச் சரிபார்த்தே நேரம் போய்விட்டது. கடைசிப் பக்கங்கள் வெள்ளையாகவே கிடந்தன. இது அந்த வீட்டு வியாதி. "கோடு போட்டா போட்டதுதான்" என்பது கண்ணாடிக்காரர் வீட்டில் ஓயாமல் கேட்கும் பேச்சு. கண்ணாடியில் தப்பாக ஒரு கோடு கீறினால் அந்தத் தகடே வீண். அழிக்க முடியாது, ஒட்ட முடியாது. ஆகவே அளந்து, திரும்ப அளந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவர் கீறுவார். அதைப் பார்த்தே வளர்ந்த பெண், பேனாவையும் அப்படியே பிடித்தாள். சரியான வழி இதுதான் என்று நிச்சயமாகத் தெரியும்வரை தாளில் பேனாவை வைக்கமாட்டாள். வைத்தால் அடிக்கமாட்டாள்.

*

காலையில் வீடு பரபரவென்று இருந்தது.

நடைவழியில், ட்யூப்லைட்டுக்குக் கீழே, சில்லுவின் அம்மா, அத்தைக்கு அண்ணி, தையல் மெஷினில் குனிந்திருந்தாள். ஊரார் துணிகளைப் பிரித்து அளவு திருத்தித் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவாள், மெலிந்தவர்களுக்குப் பிடித்துவிடுவாள். யாரையும், "ஏன் பெருத்தீங்க" என்று கேட்கமாட்டாள்.

"சாப்பிட்டியா சில்லு?"

"சாப்பிட்டேம்மா."

"தட்டுல அப்படியே இருக்கு."

"மனசுக்குள்ள சாப்பிட்டேன்."

"மனசுக்குள்ளேயே பரீட்சையும் எழுதிட்டு வந்துடாதே" என்றாள் அத்தை, குடையைத் தேடிக்கொண்டே. "போன தடவை அப்படித்தான் கடைசிப் பக்கமெல்லாம் மனசுக்குள்ளேயே எழுதினே."

"அத்தை!"

"உண்மையைச் சொன்னா அத்தையாம். பெரிய கணக்கு எடுக்கறவளுக்கு ஒரு பேச்சு தாங்கலை."

கண்ணாடிக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தார். "ஏம்மா, அவளை விடு. ஏற்கெனவே பிள்ளை முகம் வெளுத்துக் கிடக்கு." மகளின் தலையில் கை வைத்தார். "பதறாம எழுது. ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்த்து எழுது. கோடு போட்டா..."

"போட்டதுதான்" என்று முடித்தாள் சில்லு. அவள் குரலில் உயிரே இல்லை.

அண்ணியைத் தவிர எல்லோரும் கிளம்பினார்கள். அத்தை தெருமுனை வரை போய்விட்டாள். கேன்டீன் சாவியை அலமாரியிலேயே வைத்துவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு திரும்பினாள். வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது.

தன் அறைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே, கிழக்கு ஜன்னலோரம், அண்ணி நின்றிருந்தாள். ஊசியையும் நூலையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோத்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை தவறியது. நூலை உதட்டில் நனைத்து மறுபடி முயன்றாள். கோத்துவிட்டது. அந்த வெயிலில் அவள் முகம் குளிர்ந்து, இளைப்பாறியது போலிருந்தது. ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். கையோடு கொண்டுவந்திருந்த சட்டையில் அவசரமாக நாலு தையல் போட்டாள், அந்த வெளிச்சம் இருக்கும்போதே.

அத்தை சத்தம் செய்யாமல் பின்வாங்கினாள்.

அந்த அறை ஒரு காலத்தில் அண்ணியின் தையல் அறை. பெட்டியோடு அத்தை வந்து நின்ற அன்றைக்கே மெஷினை நடைவழிக்கு இழுத்துப் போட்டுவிட்டாள் அண்ணி. "ஐயோ, உங்க இடத்தை நான்..." என்று அத்தை இழுத்தபோது, "போம்மா, அந்த ஜன்னல் வெளிச்சம் என் கண்ணைக் குத்துது. இங்கேதான் எனக்குத் தோது" என்றாள். அத்தையும் நம்பிவிட்டாள். நம்பியதோடு நிற்கவில்லை. "எங்க அண்ணிக்கு இருட்டுன்னா உயிர். ஆந்தைக்கு அக்கா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அண்ணியும் கூடவே சிரித்திருக்கிறாள்.

இத்தனை வருஷம்!

வாசலுக்கு வந்து, வேண்டுமென்றே செருப்பைச் சத்தமாகத் தேய்த்து, "அண்ணி! சாவியை வெச்சுட்டுப் போயிட்டேன்!" என்று கூவினாள். உள்ளே அவசரக் காலடி. அத்தை நுழைந்தபோது அண்ணி நடைவழியில், மெஷினுக்கு முன்னால், எப்போதும் போல உட்கார்ந்திருந்தாள்.

சாவியை எடுத்துக்கொண்டு அத்தை மெஷின் பக்கம் வந்தாள்.

"அண்ணி, மெஷினை வேணா என் ரூம்லயே போட்டுக்கங்களேன். பகல்ல நான் எங்கே இருக்கேன்?"

"எதுக்கு? அந்த வெளிச்சம் எனக்கு ஆகாதும்மா." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்கு நேரமாகலை?"

அத்தை சாவியோடு திரும்பி நடந்தாள். நேரே நன்றி சொன்னால் இவள் வாங்கிக்கொள்ளப் போவதில்லை என்று மட்டும் புரிந்தது.

*

இடைவேளையில் சில்லு கேன்டீனுக்கு வந்தாள். டோக்கன் ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு டீ."

"டீயா, விஷமா? உன் முகத்தைப் பார்த்தா அப்படித்தான் கேட்கத் தோணுது."

"அத்தை, டீச்சர் நேத்து என்ன சொன்னாங்க தெரியுமா? 'உன் தாள்ல ஒரு அடித்தல்கூட இல்லை. அதைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு'ன்னாங்க. இந்தக் கணக்கெல்லாம் தப்பான வழியில ரெண்டு அடி போய்ப் பார்த்தாத்தான் சரியான வழி தெரியுமாம். எனக்குக் கை வரமாட்டேங்குது. பேனாவை வெச்சா, கீறிட்ட மாதிரியே இருக்கு."

அத்தை பதில் சொல்ல வாயெடுத்தாள். காலையில் பார்த்த ஜன்னல் கண்ணுக்குள் வந்தது. தட்டிலிருந்த பன்னை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கம்பிக்கு இடையில் நீட்டினாள்.

"இதைச் சாப்பிட்டுட்டுப் போ. வயித்துக்குள்ளயும் சாப்பிடணும், மனசுக்குள்ள மட்டும் போதாது."

சில்லு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு போகட்டும், கடவுளே என்று அத்தை உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு கணக்கு டீச்சர் வந்தார். மெலிந்த உடம்பு, சுண்ணாம்புத் தூள் படிந்த விரல்கள். டீயை ஊதிக் குடித்தபடி ஜன்னலோரம் நின்றார்.

"டீச்சர், எங்க பொண்ணு தேறுவாளா?"

"தேற வேண்டியவதான். அவங்க அம்மா மூளையில பாதி இருந்தாலே போதும்."

"எங்க அண்ணியா? அவங்களுக்கும் கணக்குக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்? துணி அளக்கறதோட சரி."

டீச்சர் டீயை இறக்கினார். "உங்களுக்குத் தெரியாதா? நானும் அவங்களும் ஒரே வகுப்பு. உயர்கணிதத்துல அவங்கதான் முதல். நான் ரெண்டாவது. எப்பவுமே ரெண்டாவது." சிரித்தார். "எனக்குப் புரியாததையெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்துல அவங்கதான் சொல்லித் தருவாங்க. கடைசி வருஷம், பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, ஒரு நாள் வரலை. அப்புறம் வரவே இல்லை. ஏன்னு யாருக்கும் தெரியாது. பொண்ணைச் சேர்க்கற அன்னிக்குத்தான் மறுபடி பார்த்தேன். 'வீட்டுல யாருக்கும் தெரியாது, சொல்லாதே'ன்னு கண்ணாலேயே கேட்டுக்கிட்டாங்க. பாருங்க, நான் இப்போ உளறிட்டேன்."

மிச்சம் இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

எப்போதோ காதில் விழுந்து, அங்கேயே தங்கிப்போன அந்தப் பேச்சு அத்தைக்குள் இப்போது எழுந்து நின்றது. கூடவே ஒன்று புரிந்தது. தலைமையாசிரியை முன்னால் 'நான் பொறுப்பு' என்று டீச்சர் சொன்னது ஏன் என்று. ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்து உதவி, இத்தனை வருஷம் எங்கோ உறங்கிக் கிடந்துவிட்டு, வேண்டிய நேரத்தில் எழுந்து வந்திருக்கிறது. மனிதர்கள் மறந்தாலும் மேலே இருக்கிறவன் மறப்பதில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லலை டீச்சர்" என்றாள் அத்தை. "என் வாயை நானே நம்ப மாட்டேன். ஆனா இதைச் சொல்லமாட்டேன்."

*

கேன்டீனைப் பூட்டும் நேரம். படிக்கட்டில் தடதடவென்று ஓசை. சில்லு ஓடி வந்தாள். பின்னல் அவிழ்ந்து கிடந்தது. கன்னத்தில் மை.

"அடிச்சேன் அத்தை!"

"யாரைடி?"

"கணக்கை! பெரிய கணக்கு ஒண்ணு. முக்கோணத்தோட பக்கத்தை வெச்சு ஆரம்பிச்சேன். போகப் போக வாலு மாதிரி நீண்டுக்கிட்டே போகுது, முடியவே மாட்டேங்குது. தப்பு வழின்னு தெரிஞ்சுபோச்சு. எப்பவும் அங்கேதான் பேனாவை மூடிட்டு உட்கார்ந்துடுவேன். இன்னிக்கு ஒரு மாதிரி... கண்ணை மூடிக்கிட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். சர்ருனு! ஒரு பக்கம் முழுக்க."

"அப்புறம்?"

"ஒண்ணும் உடையலை அத்தை!"

அதைச் சொல்லும்போது அவள் கண்கள் கலங்கிவிட்டன. சிரிப்பும் நிற்கவில்லை.

"சத்தமே வரலை. தாள் தாளாவே இருந்துச்சு. அப்புறம் பக்கத்தை விட்டுட்டுக் கோணத்தை வெச்சு ஆரம்பிச்சேன். நாலே வரியில முடிஞ்சுபோச்சு. டீச்சர் உடனே திருத்திட்டாங்க. அந்த அடிச்ச பக்கத்துக்குப் பக்கத்துல 'நன்று'ன்னு எழுதியிருக்காங்க. அடிச்சதுக்கு நன்றாம்!"

"மார்க்கு?"

"மயிரிழைதான். ஆனா பாஸ். இடம் உண்டு."

அத்தை பூட்டைக் கீழே வைத்தாள். பிறகு முந்தானையால் சில்லுவின் கன்னத்து மையைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள்.

"வலிக்குது அத்தை."

"வலிக்கட்டும். சந்தோஷத்துல அழுதா வேற யாராவது பார்த்துடுவாங்க. இப்படித் துடைச்சா யாருக்கும் தெரியாது."

சில்லு சிரித்தாள். பிறகு அவள் குரல் இறங்கியது.

"ஒண்ணு இருக்கு அத்தை. இடம் உண்டு, ஆனா அடிப்படை பத்தாதாம். என்னை மாதிரி கம்மி கிரேடுல வந்தவங்க தினம் சாயங்காலம் பயிற்சி வகுப்புக்கு இருக்கணுமாம். இன்னிக்கே ஆரம்பம். வராட்டி, திரும்பச் சாதாரணக் கணக்குக்கே போகச் சொல்லிடுவாங்களாம்."

அத்தைக்கு உடனே விளங்கியது. மாலையில்தான் சில்லுவுக்குக் கடையில் வேலை. வெட்டி வைத்த கண்ணாடிகளின் விளிம்பைத் தண்ணீரும் கல்லும் கொண்டு தேய்த்து மழுங்கடிக்க வேண்டும். அப்படித் தேய்க்காத கண்ணாடி யார் கையையும் கிழிக்கும். மாலையில் அப்பா மாட்டும் வேலைக்கு வெளியே போய்விடுவார். ஆள் வைக்கும் அளவுக்குக் கடை பெரிதல்ல. சில்லு தேய்த்து அடுக்கினால்தான் மறுநாள் வேலை நடக்கும்.

"மருந்துக் கடை அலமாரித் தட்டுங்க எல்லாம் இன்னிக்குத் தேய்க்கணும். நாளைக்குக் காலையில மாட்டறதா அப்பா வாக்கு கொடுத்திருக்கார்" என்றாள் சில்லு. "நீங்க அப்பாகிட்ட வகுப்பைப் பத்திச் சொல்லுங்க. வகுப்பு முடிஞ்சதும் நேரா கடைக்குப் போய்த் தேய்ச்சுட்டு வந்துடறேன்னும் சொல்லிடுங்க."

"அப்புறம் எப்போடி படிப்பே?"

"அப்புறம்தான்."

"எப்போ தூங்குவே?"

"அதுக்கும் அப்புறம்தான்." சிரிக்க முயன்றாள். "முடியும் அத்தை. அப்பாவுக்கு வருத்தமா இருக்கற மாதிரி மட்டும் சொல்லிடாதீங்க. சரியா?"

மணி அடித்தது. சில்லு திரும்பிப் படியேறினாள். காலையில் இருந்த பயம் அந்த நடையில் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் பாரம் தூக்கப் போகிறவளின் நடையாக இருந்தது அது.

*

வீட்டில் செய்தியைச் சொன்னபோது கண்ணாடிக்காரர் நம்பவில்லை.

"அடிச்சாளா? என் பொண்ணா?"

"ஒரு பக்கம் முழுக்க. சர்ருனு."

"கோடு போட்டா போட்டதுதான்னு நான் சொன்னது கண்ணாடிக்கு. அதை யார் கொண்டுபோய் இவ மண்டையில ஒட்டினது?"

"நீங்கதாங்க" என்றாள் அண்ணி. "காலையிலகூட ஒட்டிட்டுத்தானே போனீங்க?"

அவர் ஒரு விநாடி விழித்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தவர், துடைத்து முடிக்கவே இல்லை. துண்டுக்குள்ளிருந்து, "நல்ல டீச்சர். நல்லா இருக்கணும் அவங்க" என்ற குரல் மட்டும் வந்தது.

அண்ணி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. முகம் மட்டும், விளக்கு ஏற்றிவைத்த வீடு மாதிரி இருந்தது.

"எந்தக் கணக்கு? சொன்னாளா?"

"ஏதோ முக்கோணமாம். பக்கத்தை வெச்சு ஆரம்பிச்சாளாம், வாலு நீண்டுச்சாம்."

"கோணத்தை வெச்சு ஆரம்பிச்சிருக்கணும்" என்றாள் அண்ணி.

சொன்ன மறுகணமே துணியை இழுத்து ஊசிக்குக் கீழே வைத்து, மெஷினை ஓட்டத் தொடங்கிவிட்டாள். கண்ணாடிக்காரர் துண்டுக்குள்ளேயே இருந்தார். அத்தை அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பார்க்கவில்லை. தையல் கோணலாக ஓடிக்கொண்டிருந்தது. நேர்கோட்டில் தவிர வேறு எப்படியும் தைக்கத் தெரியாத கை அது.

கேட்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு பெண் எதையோ இத்தனை வருஷம் மடித்து வைத்திருக்கிறாள் என்றால், அதை அவளாகத்தான் பிரிக்க வேண்டும். அத்தை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொன்னாள். வருத்தம் தோன்றாதபடி சொன்னாள்.

"அப்போ வகுப்பு முடிஞ்சு வந்து தேய்ச்சிடுவாளா? நல்லதாப் போச்சு" என்றார் கண்ணாடிக்காரர் மனசு நிறைந்து. அவருக்கு மகள் எந்தப் பாரத்தையும் தூக்கிவிடுவாள் என்று எண்ணம். கருவிப் பையைத் தோளில் மாட்டினார். "எனக்கு ஒரு வீட்டுல நிலைக்கண்ணாடி மாட்டணும். வர நேரமாகும். சாப்பாட்டை மூடி வைங்க."

அவர் போனதும் வீடு அமைதியாயிற்று. மெஷின் மட்டும் ஓடியது.

அத்தை முகம் கழுவினாள். எப்போதும் பிரார்த்தனைக்குக் கட்டும் வெளுத்த புடவையைக் கட்டிக்கொண்டாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் கடையின் மாற்றுச் சாவி தொங்கியது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அண்ணி, பிரார்த்தனைக்குப் போயிட்டு வரேன்."

"போயிட்டு வா. பிள்ளைக்காக ஒரு நன்றி சொல்லிட்டு வா."

"அதுக்குத்தான் போறேன்" என்றாள் அத்தை. அதில் பொய் எதுவும் இல்லை.

*

கடையின் பின்கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். முன்பக்க விளக்கைப் போடவில்லை. தேய்க்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருந்த சிறு விளக்கு போதும்.

மருந்துக் கடைத் தட்டுகள் சுவரோரம் சாய்ந்து நின்றன. வெட்டிய விளிம்புகள் விளக்கொளியில் பச்சையாக, கூராக மின்னின. இந்த வேலை அத்தைக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன்னால், கடை அவள் அப்பாவிடம் இருந்த காலத்தில், அவள்தான் தேய்ப்பாள். அதற்குப் பிறகு கை வைத்ததே இல்லை.

கல்லைத் தண்ணீரில் நனைத்தாள். முதல் தட்டை மடியில் கோணித் துணி விரித்துச் சாய்த்துக்கொண்டாள். தேய்த்தாள். கல் வழுக்கியது. கை பழைய பழக்கத்தைத் தேடியது, கிடைக்கவில்லை. விளிம்பு கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்துச் சின்னதாக ஒரு கீறல் போட்டது. விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடி தேய்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கை அதுவாகவே சாயத் தொடங்கியது. சர்... சர்... ஒரே சீராக ஓசை வந்தது.

இந்த நேரத்துக்குக் கூடத்தில் எல்லோரும் கண்மூடி உட்கார்ந்திருப்பார்கள். தன் இடம் காலியாக இருக்கும். யாராவது, 'ஏன் வரலை' என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். பிரார்த்தனைக்குரியவனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். அவன் கோவித்துக்கொள்ளமாட்டான்.

நாளைக்கு அண்ணன் வந்து பார்த்து, மகள் தேய்த்துவிட்டாள் என்று நினைப்பார். மகள் வந்து பார்த்து, அப்பா தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைப்பாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மனசுக்குள் வாழ்த்திக்கொள்வார்கள். என்றைக்காவது இரண்டு பேரும் பேசிக்கொண்டால் குட்டு உடையும். உடையும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ஒருத்தி சொன்னாளே, அந்தப் பொய்க்குச் சமமாகத் தன்னிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை. அந்தப் பொய்யால்தான் அத்தை இத்தனை வருஷம் வெயில் வரும் அறையில் கண்விழித்தாள். அண்ணியிடம் நேரே கொடுத்தால் திரும்பி வரும். அண்ணியின் பிள்ளைக்குக் கொடுத்தால் திரும்பி வராது.

கடைசித் தட்டையும் தேய்த்தாள். விளிம்பு நெடுக விரலை ஓட்டிப் பார்த்தாள். எங்கும் கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் துடைத்து, எடுத்த வரிசையிலேயே சுவரோரம் சாய்த்தாள். தொட்டித் தண்ணீரை மாற்றினாள். தரையில் சிந்தியதைத் துடைத்தாள். கல்லைக் காயவைத்தாள். சில்லு எப்படி வைப்பாளோ அப்படி.

விளக்கை அணைத்துப் பின்கதவைப் பூட்டும்போது முன்தெருவில் ஓட்டமும் நடையுமாக ஒரு காலடி கேட்டது. சில்லுவின் காலடி. முன்பக்கப் பூட்டில் சாவி நுழையும் ஓசை. அத்தை சந்துக்குள் சுவரோடு ஒண்டி நின்றாள். உள்ளே விளக்கு எரிந்தது. தட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும் மெல்லிய ஓசை.

பிறகு, "அப்பா..." என்று ஒரு குரல். யாரையும் கூப்பிடும் குரல் அல்ல. நெஞ்சு நிறைந்து தானாக வந்த குரல். விளக்கு அணைந்தது. பூட்டு விழுந்தது. காலடி வீட்டை நோக்கிப் போயிற்று, இப்போது துள்ளிக்கொண்டு. படிக்கப் போகிறவளின் காலடி.

அத்தை அந்த ஓசை தேயும்வரை சந்திலேயே நின்றாள். பிறகு வேறு தெரு வழியாக நடந்தாள்.

பிரார்த்தனைக் கூடம் பூட்டியாகிவிட்டது. வாசலில் யாரும் இல்லை. அவள் கீழ்ப்படியிலேயே நின்று கைகளைக் கூப்பப் போனாள். தெருவிளக்கில் உள்ளங்கைகள் இரண்டும் வெள்ளையாகத் தெரிந்தன. கண்ணாடித் தூள் ரேகைகளுக்குள் படிந்து காய்ந்திருந்தது.

அதைத் தட்டிவிடாமலேயே கைகூப்பினாள்.